பொட்டு இருக்குத்தானே

நடிக்கக் கேட்டுப் போகிறவர்களிடம் அந்த அக்கா, கதை என்னவென்று கேட்கமாட்டார். சம்பளமும் கேட்கமாட்டார். பாரிசில் எடுக்கிற தமிழ்க் குறும்படத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்பது ஊரறிந்த விஷயம். எத்தனை காட்சி, கதாநாயகி யார், எங்கே காட்டப்போகிறீர்கள், எதுவும் அவருக்குத் தேவையில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"பொட்டு இருக்குத்தானே?"

இருக்கிறது என்றால் எந்த வேடமும் சரி. இல்லை, விதவை வேடம் என்றால், "வேற ஆரையும் பாருங்கோ தம்பி" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவார். கெஞ்சிப் பிரயோசனமில்லை. கெஞ்சியவர்களை எனக்குத் தெரியும். பாதிப்பேர் என் கடையில் வைத்துத்தான் கெஞ்சினார்கள்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்கிற தெருவில் எங்கள் சேலைக்கடை. அங்கே படம் எடுக்கிற பொடியள் எல்லாரும் சேலை இரவல் கேட்டு என்னிடம் வருவார்கள். வாங்கிப் போகும்போது நான் தெய்வம். திருப்பித் தரும்போது சேலையில் குழம்புக் கறையும் ஊசித் துளையும் இருக்கும். படத்தின் கடைசியில் 'நன்றி' என்று கடைப் பெயரைப் போடுவார்கள், அதையும் பிழையாகப் போடுவார்கள். ஆனாலும் கொடுப்பேன். சினிமாப் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு அம்மா வேண்டும். கதாநாயகிக்கு நடன வகுப்பிலிருந்து யாராவது ஒரு பிள்ளையைப் பிடித்துவிடுவார்கள். அம்மாவுக்கு ஆள் கிடைக்காது. எங்கள் வயதுப் பெண்கள் நடிக்க வந்தால் சனம் கதைக்கும், புருசன்மார் முறைப்பார்கள். அவரை முறைக்கப் புருசன் பக்கத்தில் இல்லை. அதனால் எத்தனையோ வருடமாகப் பாரிஸ் தமிழ்ப் படங்களின் அம்மா அவர்தான். அம்மா, பெரியம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, கோயிலில் விளக்கேற்றுகிற பொம்பிளை என்று எல்லாம் அவர்தான். தெருவில் போகும்போது "அம்மா வாறா" என்று பொடியள் சொல்வார்கள். அதில் பாசம் பாதி, பகிடி பாதி.

அந்தப் பொட்டின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் அவர் சின்ன மகளோடு பிரான்சுக்கு வந்துவிட்டார். புருசன் பின்னால் வருவதாக ஏற்பாடு. தாயைத் தனியே விட்டு வர மனமில்லாமல் அந்த மனிசன் பிந்தினார். கடைசி நாட்களில் வன்னியில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

"செத்ததைக் கண்டன் எண்டு ஒருத்தர் வந்து சொல்லட்டும். அண்டைக்குப் பொட்டை அழிக்கிறன்" என்பார்.

புறநகரான கூசேன்வில்லில் அவருடைய வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். சாமிப் படங்கள் இருந்தன, மகளின் பள்ளிக்கூடப் படங்கள் இருந்தன. புருசனின் படம் மட்டும் எங்கும் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"சுவரிலை மாட்டினா வாறவை என்னெண்டு நினைப்பினம், பிள்ளை? ஒரு படம்தான் இருக்கு. அலுமாரிக்குள்ளை சீலைக்கு நடுவிலை வைச்சிருக்கிறன்."

எடுத்துக் காட்டுவார் என்று பார்த்தேன். காட்டவில்லை. தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் ஏன் நடிக்க வந்தார் என்று எனக்குப் பலநாள் விளங்கவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ கட்டில் விரித்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கொண்டுவந்து இந்தப் பொடியளின் கமெராவுக்கு முன்னால் நிற்பாட்டுவார். காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். கடையில் சேலை மடித்துக்கொண்டு இருந்தோம்.

"இந்தப் படங்கள் இப்ப போன் வழியா எங்கையெல்லாமோ போகுது. இவர் எங்கையாவது இருந்து பார்த்தாரெண்டா என்ர முகம் தெரியும். பிரான்சிலைதான் இருக்கிறன் எண்டு தெரியும். பொட்டைக் கண்டா, காத்துக்கொண்டு இருக்கிறன் எண்டும் தெரியும்."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. இவ்வளவு காலமும் அவர் நடித்ததெல்லாம் ஒரே ஒரு பார்வையாளருக்காக. அந்த ஆள் பார்க்கிறாரோ இல்லையோ யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரு குருவும் இருந்தார், அமெரிக்கக்காரி. ஹோட்டல் அறைகளில் தொலைக்காட்சி இருக்கும். கட்டில் விரிக்கும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்கள் போகிற சானலைப் போடுவாராம். பிரெஞ்சில் குரல் கொடுத்த படங்கள். சத்தம் இல்லாததால் அவருக்கு எந்த மொழியானாலும் ஒன்றுதான். அதில் ஒல்லியான, நீட்டு மூக்குள்ள ஒரு பெண் அடிக்கடி வருவாளாம். ஒரு படத்தில் வேலைக்காரி, ஒரு படத்தில் கலியாணம் ஆகாத மாமி, இன்னொன்றில் ஆஸ்பத்திரித் தாதி. கதவு திறப்பாள், வந்தவரின் கோட்டை வாங்குவாள், போய்விடுவாள்.

"கதாநாயகி அழேக்கை உவ பின்னாலை நிண்டு சும்மா கோப்பை துடைக்கிறா. ஆனா துடைக்கிற கை கொஞ்சம் மெதுவாகுது. அவ்வளவுதான். எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. பெட்சீற் மாத்த மறந்து சூப்பவைசரிட்டைப் பேச்சு வாங்கினன்."

மகளிடம் சொல்லி அந்த நடிகையைப் பற்றிப் போனில் தேடவைத்தார். நாங்கள் பிறப்பதற்கு முன்னமே செத்துப்போயிருக்கிறாள். வாழ்நாள் முழுக்கத் துணைவேடம், ஒருமுறைகூடக் கதாநாயகி இல்லை. மகள் அதைச் சொல்லிவிட்டு, பாவம் என்றாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாவம்? வேலை இல்லாமல் இருக்கேல்லைத்தானே."

அந்த அமெரிக்கக்காரியைப் பார்த்துத்தான் இவர் சத்தம் போட்டு அழுவதை நிற்பாட்டினார். இயக்குநர்களுக்கு அது பிடிக்காது. "அக்கா, இன்னும் கொஞ்சம் நெஞ்சிலை அடிச்சு அழுங்கோ" என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அம்மா என்றால் நெஞ்சில் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு, இலவசமாகப் பார்த்தாலும்கூட, திருப்தி வராது. இவர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தான் நினைத்ததைத்தான் செய்வார்.

விதவையாக மாட்டாரே தவிர, சாகச் சொன்னால் உடனே சாவார். "என்னைச் சாகடியுங்கோ, பிரச்சினையில்லை. பொட்டோடை சாகடியுங்கோ." அதனால் பல கதைகளில் அப்பா சாகவேண்டிய இடத்தில் அம்மா செத்தார். மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினார். உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்கு மாலை போட எங்கள் சனம் விடாது, படமும் தராது. இவர் தன் படத்தைத் தானே பிரேம் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். அது தரித்திரம் என்று ஒரு வாடிக்கைக்காரி முகத்துக்கு நேரே சொன்னாள்.

"எனக்குப் போடுற மாலை எல்லாம் அவரின்ர ஆயுளிலை சேரட்டும்" என்றார் இவர். வாடிக்கைக்காரி சேலை வாங்காமல் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு நட்டம், ஆனால் சந்தோஷம்.

வயது போகப்போக வேடமும் சுருங்கியது. முதலில் அம்மாவுக்கு நாலு வசனம் இருந்தது. பிறகு இரண்டு. கடைசியில் வசனமே இல்லாமல் சுவரில் தொங்குகிற படம் மட்டும். ஒருவர்கூட அவருக்காக ஒரு கதை எழுதவில்லை என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அது உண்மையில்லை. ஒருவன் எழுதினான்.

இங்கேயே வளர்ந்த பொடியன், முப்பது வயதிருக்கும். பிரெஞ்சுக்காரரிடம் சினிமா படித்தவன் என்று கொஞ்சம் எடுப்பு. கடைக்கு வந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்து, "இதிலை கதாநாயகியே நீங்கள்தான் அக்கா. முழுப்படமும் உங்கட முகம்தான்" என்றான். யுத்தத்தில் புருசனை இழந்தவளின் கதை. வெறும் நெற்றி. அவருக்கு ஆசை இருந்தது, முகத்தில் கண்டேன்.

"புருசன் வெளிநாட்டிலை எண்டு மாத்தேலாதோ தம்பி?"

"கதையே அதுதானே அக்கா."

"அப்ப வேண்டாம். இவர் பார்த்தா என்ன நினைப்பார்?"

இவர் என்றால் யார் என்று அவனுக்குத் தெரியும். தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். அந்தப் படம் எடுக்கப்படவேயில்லை. வேறொருத்தியும் சம்மதிக்கவில்லை போல.

அடுத்த வருடம் அவனே திரும்பி வந்தான். இந்தமுறை சின்ன வேடம். புருசன் செத்த ஒரு இளம்பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

"பொட்டு இருக்குத்தானே?"

"இருக்கு அக்கா. நீங்கள் பக்கத்து வீடுதானே."

படப்பிடிப்புக்குக் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் வீட்டைக் கேட்டான். கொடுத்தேன். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்த ஒரு பருத்திச் சேலையை எடுத்து அவருக்கு நானே கட்டிவிட்டேன். கூடத்தின் கதவைச் சாத்தி வைத்திருந்தான். ஒத்திகை வேண்டாமாம். "கதவைத் திறந்து வாங்கோ, தட்டை வையுங்கோ, பிறகு உங்களுக்கு என்ன தோணுதோ அது" என்றான். என்ன புதுப்பழக்கம் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். கதாநாயகிப் பிள்ளை தரையில் இருந்தாள். சுவரில் சட்டைப் பையில் பேனா செருகிய ஒரு ஆணின் படம், பிளாஸ்ரிக் மல்லிகை மாலையோடு. ஆளை எனக்குத் தெரியாது. நல்ல வடிவான முகம்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டடி வைத்தார். சுவரைக் கண்டார்.

தட்டை விழுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. வேறொருத்தி என்றால் தட்டு பறந்திருக்கும். அவர் குனிந்து, கோப்பைகள் சத்தம் போடாமல், தட்டை மேசையில் வைத்தார். நிமிர்ந்து நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது, முகம் அசையவில்லை. கதாநாயகிப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காமல், பாடமாக்கிய வசனத்தைச் சொன்னாள்: "அவர் போயிட்டார் அக்கா, இனி வரமாட்டார்." இவர் சுவருக்குக் கிட்டப் போனார். கையை உயர்த்தி அந்த மாலையைப் பிடித்து இழுத்தார். நூல் அறுந்து பூக்கள் கொட்டின. படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"கட்" என்றான் அவன். பிறகு மெதுவாக, "சூப்பர்" என்றான். அந்தச் சொல்லுக்கு அவன் கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கவேண்டும்.

அது அவருடைய புருசனின் படம், இயக்குநரிடம் கொடுத்தது மகள். அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தாள், தாய் தன்னோடு கதைக்கிறா இல்லை என்று. உனக்கென்ன விசரோ என்று கேட்டேன். அவள் பிரெஞ்சில்தான் பதில் சொன்னாள். 'இல் எ மோர்' என்றாள், அவர் செத்துவிட்டார் என்று. எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லத் துணியவில்லை. கலியாணம் பேசி வருகிற எல்லாரும் அப்பா எங்கே என்று கேட்கிறார்கள், வருவார் என்று எத்தனை பேருக்குச் சொல்வது. படத்தில் கண்டாலாவது ஒருமுறை அழுது முடிப்பா என்று நினைத்தாள். அழுதுகொண்டே சொன்னாள். அவளை ஏச வாய் திறந்து, விட்டுவிட்டேன். அப்பா முகம் அவளுக்கும் அந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது.

இயக்குநர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். தெரியாதவன் கதவைச் சாத்தி வைப்பானோ?

படம் வந்தது. அவர் மாலையைப் பிடுங்கியது அதில் இல்லை. தட்டை வைக்கிறார், நிமிர்கிறார், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று கண்ணீர் விடுகிறார். "இனி வரமாட்டார்." அதோடு வெட்டிவிட்டான். அந்தத் துண்டு போனுக்குப் போன் பாய்ந்தது. நெஞ்சில் அடித்து அழாத அம்மாவை எங்கள் சனம் முதல்முறையாக மெச்சியது. அவர் பொடியனைத் தேடிப்போய், அந்த இடத்தை எடுத்துவிடு தம்பி என்று கேட்டிருக்கிறார். "அக்கா, படமே அதிலைதானே நிக்குது" என்றானாம். புறநகரில் ஒரு மண்டபத்தில் விழா வைத்து, சிறந்த துணை நடிகை என்று கேடயம் கொடுத்தார்கள். அவர் போகவில்லை. கேடயம் என் கடைக்கு வந்து சேர்ந்தது. கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது.

படம் யாழ்ப்பாணத்துக்கும் போனது. புருசனின் தம்பி பார்த்தார். இவ்வளவு காலமும் அந்த வீட்டில் செத்தவீடு கொண்டாடாமல் இருந்ததே இவருடைய பிடிவாதத்தால்தான். அண்ணி பொட்டோடு இருக்கும்வரை நாங்கள் எப்படி எள்ளுத்தண்ணி இறைப்பது என்று இருந்தவர்கள். தம்பிக்காரர் போன் எடுத்தபோது இவர் என் கடையில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அண்ணி, நீங்களே மாலை போட்டு அழுதிட்டியள். உங்களுக்கு ஏதோ சேதி வந்திருக்கு, எங்களுக்குச் சொல்ல மனமில்லாமல் படத்திலை காட்டியிருக்கிறியள் எண்டு அம்மா சொல்லுறா."

"அது படம் தம்பி. நடிப்பு."

"அண்ணற்றை உண்மையான படம்தானே அண்ணி?"

"ஓம், ஆனா..."

"உங்கட கண்ணீரும் உண்மைதானே? அது எங்களுக்குத் தெரியாதே?"

நான் மாலையைப் பிடுங்கினேன், அதை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தார். அங்கே இருப்பவர்கள் அதைக் காணவில்லை. காணாததை யார் நம்புவார்கள்? தாய்க்கிழவி அன்றைக்கே விழுந்து அழுது முடித்துவிட்டாவாம். கீரிமலையில் அந்தியேட்டிக்கு, செத்தவருக்குச் செய்கிற கடைசிக் கிரியைக்கு, நாள் குறித்தாயிற்று என்றார் தம்பிக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணி வராவிட்டாலும் பரவாயில்லை, மனதால் நில்லுங்கோ என்றார்.

நடிப்பு அதோடு நின்றது. கேட்டு வருகிற பொடியளிடம், சுகமில்லை என்று என்னைச் சொல்லச் சொன்னார். இனி யார் பார்ப்பதற்கு நடிப்பது?

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நேரே கடைக்கு வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. எப்போதும் வைக்கிற அதே அளவு. சேலை பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அந்தியேட்டியும் முடிஞ்சுதாம், இன்னும்..." என்று ஒருத்தி முணுமுணுத்தது அவருக்கும் கேட்டிருக்கும். சேலை இல்லை, கடை பூட்டப்போகிறேன் என்று சொல்லி இருவரையும் அனுப்பினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு யார் கடை பூட்டுவார்கள்.

போனை எடுத்து என்னிடம் நீட்டினார். தம்பிக்காரர் அனுப்பியிருந்தார். அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவுப் புத்தகம், எங்கள் ஊரில் கல்வெட்டு என்று சொல்வது, அதன் முன் அட்டை. அந்த வீட்டில் புருசனின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போய்விட்டது. இவரிடம் கேட்டிருக்கிறார்கள், இவர் கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பொடியன் எடுத்த சினிமாவை நிற்பாட்டி, அதிலிருந்தே படத்தைப் பிடித்து அச்சடித்திருக்கிறார்கள். கொஞ்சம் மங்கல். பிளாஸ்ரிக் மல்லிகை மாலை. பேனா. இடப்பக்க ஓரத்தில், நான் கட்டிவிட்ட மாம்பழ மஞ்சளில் ஒரு தோளும், பச்சைக் கரையும், பாதிக் காதும். வெட்டி எடுக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை இன்னொருமுறை, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பார் பிள்ளை," என்றார். "இதிலையும் என்னைக் கரையிலைதான் விட்டிருக்கினம்."